பாதிப் பெட்டிகள் செத்தும் தேனீ தீர்ந்துபோகாதது எப்படி? குளிர்கால இழப்புக் கணக்கு பற்றி

குளிர்காலம் முடிகிற நேரத்தில் ஆண்டுதோறும் “பாதித் தேனீக்கள் அழிந்தன” என்று செய்தி வருகிறது, பதினைந்து ஆண்டுகளாக இப்படிப் பாதி பாதியாகக் குறைந்திருந்தால் இந்நேரம் ஒன்றுகூட மிஞ்சியிருக்கக் கூடாதே, இதை யார் எண்ணுகிறார்கள், உண்மையிலேயே குளிர்தான் கொல்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் கொஞ்சம் கிண்டல் இருக்கிறது, நியாயமான கிண்டல்தான். அந்தச் சதவீதம் எதன் சதவீதம் என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். குளிர் கடுமையான இடங்களில் நீண்ட காலம் பெட்டி வைத்துத் தேனீ வளர்த்தவன் நான். இழப்புக் கணக்கெடுப்புப் படிவங்களை நிரப்பியிருக்கிறேன், பிறர் நிரப்பியவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் வேலையும் செய்திருக்கிறேன். வைரஸ் ஆய்வு என் துறை அல்ல. அந்தப் பக்கம் நான் சொல்பவை படித்துத் தெரிந்துகொண்டவை.

எண்ணப்படுவது தேனீ அல்ல, தேனீக் குடும்பம். ஒரு ராணி, அதைச் சுற்றிப் பல ஆயிரம் பணித்தேனீக்கள், இவை சேர்ந்ததுதான் ஒரு குடும்பம். வழக்கமாக ஒரு பெட்டிக்கு ஒன்று. கோடையில் பணித்தேனீ ஐந்தாறு வாரம் வாழ்ந்தால் அதிகம். நல்ல ராணி நாளைக்கு 1500 முட்டை வரை இடும், ஆகவே செத்த இடம் அன்றன்றைக்கே நிரம்பிவிடும். தேனீ சாவது செய்தியே இல்லை. ராணியோடு சேர்த்துக் குடும்பமே அற்றுப்போவதைத்தான் இழப்பு என்கிறோம். “பாதித் தேனீக்கள் செத்தன” என்ற தலைப்பு இங்கேயே தடம் மாறிவிடுகிறது.

குளிர்காலத்தில் தேனீ உறங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உறங்குவதில்லை. வெளியே 14, 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் அடைகளுக்கு நடுவே நெருங்கித் திரளத் தொடங்கும். குளிர் கூடக்கூட அந்தத் திரள் இறுகும். உள்ளே இருப்பவை இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் துடிக்க வைத்துச் சூடு உண்டாக்குகின்றன. வெளி அடுக்கில் இருப்பவை தலையை உள்பக்கமாக நுழைத்து, விறைத்து விழுந்துவிடாத அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 10 டிகிரியில், தங்கள் உடம்பைப் பிடித்து வைத்திருக்கின்றன. நடுவில் புழு இல்லாத வாரங்களில் 20 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். குளிர்காலத்தின் பிற்பாதியில் ராணி மறுபடி முட்டையிடத் தொடங்கியதும் நடுப்பகுதி 34, 35 டிகிரிக்கு ஏறிவிடும். இத்தனைக்கும் எரிபொருள் தேன். குளிர் நீண்ட நாடுகளில் ஒரு குடும்பத்துக்கு 20 முதல் 40 கிலோ வரை இருப்பு விட வேண்டியிருக்கிறது. பலர் நினைப்பதற்கு மாறாக, அதில் பெரும்பகுதி செலவாவது கடுங்குளிரில் அல்ல, புழு வளர்ப்பு தொடங்கியபின் வருகிற கடைசி வாரங்களில்.

பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 டிகிரி போகும் இடங்களிலும் நல்ல குடும்பங்கள் பிழைத்து வருகின்றன என்பதால், குளிர் மட்டுமே கொல்வது அரிது என்று தயங்காமல் சொல்லலாம். குளிரோடு வேறொன்று சேர்ந்தால்தான் ஆபத்து. திரள் சிறியதாக இருந்தால் சூடு வெளியேறும் பரப்பு அதன் அளவோடு ஒப்பிடும்போது அதிகம். தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. மூச்சில் வெளிவரும் ஈரம் மூடியின் உள்பக்கத்தில் குளிர்ந்து திரளின் மேல் சொட்டினால் நல்ல குடும்பமும் போய்விடும். காற்றுக்காக மேலே துளை வைப்பதா, மூடியைத் தடிப்பாகப் போர்த்தி மேல்பக்கத்தை அடைப்பதா என்பதில் அனுபவசாலிகளே இரண்டு கட்சி. 2023இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெரக் மிட்செல், திரளின் வெளி அடுக்கு ஒரு போர்வையாக வேலை செய்கிறது என்ற பழைய கருத்தையே மறுத்து, அது சூட்டை இழக்கும் நெருக்கடி நிலை என்று வாதிட்டார். பெட்டிச் சுவரின் தடிப்பைப் பற்றி மறுபடி யோசிக்க வைத்த வாதம் அது. ஆனால் விவாதம் இன்னும் ஓயவில்லை. போர்த்தினால் கெடுதல் இல்லை, தேன் செலவும் குறையும் என்ற அளவுக்கு நான் அதை ஏற்கிறேன்.

சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம் வேறு. கோடையில் பிறக்கும் தேனீயும் கோடை முடிவில் பிறக்கும் தேனீயும் உடம்பால் ஒன்றல்ல. பின்னது குளிர்காலத் தேனீ: கொழுப்புத் திசு தடித்திருக்கும், விட்டெலோஜெனின் என்ற புரதம் நிறைய சேர்ந்திருக்கும், ஆறு மாதம் வரைகூட உயிரோடிருக்கும். வசந்தத்தில் முதல் புழுவை ஊட்டி வளர்க்க வேண்டியது இவைதான். வரோவா உண்ணி கைவைப்பதும் இவற்றின் மேல்தான். அது மூடிய புழு அறைக்குள் பெருகும். ராணி முட்டையைக் குறைக்கிற, அதாவது புழு அறைகள் குறைகிற அதே வாரங்களில் உண்ணியின் எண்ணிக்கை உச்சத்துக்குப் போகிறது. இருக்கும் கொஞ்சம் அறைகளில் எல்லா உண்ணியும் நுழைகிறது. உண்ணி தேனீயின் இரத்தத்தைக் குடிக்கிறது என்றுதான் நெடுங்காலம் எழுதி வந்தோம். அது முக்கியமாகக் கொழுப்புத் திசுவைத்தான் தின்கிறது என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. போதாததற்குச் சிறகைச் சிதைக்கும் வைரஸையும் ஏற்றிவிடுகிறது. வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் இப்படிப் பழுதாகிப் பிறந்த தேனீக்கள் ஜனவரி வரை தாக்குப்பிடிப்பதில்லை. பெட்டி காலியாவது தை மாசிக் குளிரில். தீர்ப்பு எழுதப்பட்டது ஆவணியில்.

இது என் அனுபவ ஊகம் மட்டும் அல்ல. ஜெர்மனியில் 2004இல் தொடங்கிய தேனீக் கண்காணிப்புத் திட்டம், ஏறக்குறைய 120 வளர்ப்பாளர்களிடம் இருந்த 1200க்கும் மேற்பட்ட குடும்பங்களை ஆண்டுதோறும் மாதிரி எடுத்துப் பின்தொடர்ந்தது. 2010இல் வெளியான அதன் முடிவுகளில் குளிர்கால இழப்போடு தெளிவாகத் தொடர்புகொண்டவை நான்கு: இலையுதிர் காலத்து உண்ணிச் சுமை, இரண்டு வைரஸ்கள், ராணியின் வயது, குளிருக்குள் நுழையும்போதே குடும்பம் மெலிந்திருப்பது. நொசீமா என்ற குடல் நோய்க்கும் பூச்சிக்கொல்லி எச்சத்துக்கும் அந்தத் தரவில் தொடர்பு தென்படவில்லை. அதை வைத்துப் பூச்சிக்கொல்லி குற்றமற்றது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. நியோனிகோட்டினாய்டு என்ற வகைப் பூச்சிக்கொல்லி பூசிய விதைகளை ஜெர்மனி, ஹங்கேரி, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளில் பெரிய வயல்களில் விதைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. ஹங்கேரியில் அடுத்த வசந்தத்தில் குடும்பங்கள் 24 சதவீதம் சிறுத்திருந்தன. ஜெர்மனியில் அப்படி ஒரு தீங்கு தெரியவில்லை. ஒரே மருந்து, இரண்டு நாடு, இரண்டு விடை. சுற்றிலும் வேறு என்ன பூத்திருந்தது, குடும்பம் முன்பே நோயுற்றிருந்ததா என்பதைப் பொறுத்து மாறுகிறது என்று நினைக்கத் தோன்றுகிறது. உண்ணியைப் பற்றிப் பேசும்போது இருக்கும் உறுதி எனக்கு இங்கே இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் 2006-07 குளிர்காலத்தில் திடீரென்று ஏராளமான பெட்டிகள் காலியாயின. செத்த தேனீகூட அதிகம் கிடைக்கவில்லை, ராணியும் கையளவு தேனீயும் மட்டும் உள்ளே. அந்த அதிர்ச்சியில் தொடங்கியதுதான் நீங்கள் படிக்கும் ஆண்டுக் கணக்கெடுப்பு. வளர்ப்பாளர்கள் தாங்களாகவே முன்வந்து பதில் சொல்கிறார்கள். அதில் குளிர்காலம் என்பது அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 1 வரை. ஆண்டு என்பது ஏப்ரல் முதல் ஏப்ரல் வரை. 2022-23க்கு அது சொன்ன ஆண்டு இழப்பு 48.2 சதவீதம். உங்களைக் குழப்பிய “பாதி” இதுதான்.

அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் இருந்த குடும்பங்களோடு, இடையில் பிரித்து உண்டாக்கியவையும் வாங்கியவையும் கூட்டப்படுகின்றன, விற்றவை கழிக்கப்படுகின்றன. அதுதான் கீழெண். அதில் கடைசி நாளில் உயிரோடு இல்லாதவை எத்தனை என்பது மேலெண். ஏப்ரலில் ஒருவரிடம் 100 பெட்டி. கோடையில் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்துப் புது ராணி கொடுக்கிறார்: 200. அடுத்த ஏப்ரலில் மிஞ்சியது 100. இழப்பு 50 சதவீதம். பெட்டி எண்ணிக்கையில் மாற்றம் பூஜ்யம். இரண்டும் சரி, இரண்டிலும் பொய் இல்லை. தேனீ தீர்ந்துபோகாததன் இரகசியம் இவ்வளவுதான்: வளர்ப்பாளர்கள் பிரித்துப் பிரித்து நிரப்புகிறார்கள். பிரிக்க ராணி வாங்க வேண்டும், சர்க்கரைப் பாகு கொடுக்க வேண்டும், பிரித்த குடும்பம் அந்த ஆண்டு தேன் தருவது குறைவு. ஆக அந்தச் சதவீதம் இனம் அழிவதை அளக்கும் கோல் அல்ல. தேனீ வளர்ப்புத் தொழில் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிறது என்பதை அளக்கும் கோல்.

ஐரோப்பாவில் கோலாஸ் என்ற ஆய்வாளர் வலையமைப்பு 2008 முதல் இதே வேலையைச் செய்கிறது. அங்கே குளிர்காலத்துக்கு நாட்காட்டித் தேதி கிடையாது. வளர்ப்பாளர் குளிருக்கு ஆயத்தம் செய்து முடித்ததில் தொடங்கி, அடுத்த பருவத்தின் மேய்ச்சல் தொடங்குவது வரை. கிரீசும் பின்லாந்தும் ஒரே தேதியில் குளிர்காலத்தைத் தொடங்க முடியாது என்பதால் இது பொருத்தமான ஏற்பாடு. இழப்பையும் மூன்றாகப் பிரித்துக் கேட்கிறார்கள்: செத்தது அல்லது காலியானது, தீர்க்க முடியாத ராணிப் பிரச்சினை, வெள்ளம், தீ போன்ற இயற்கைச் சேதம். 2016-17இல் ஐரோப்பாவின் 27 நாடுகளோடு அல்ஜீரியா, இஸ்ரேல், மெக்சிகோவும் சேர்ந்து 14,813 வளர்ப்பாளர்கள் பதில் தந்தார்கள். மொத்த இழப்பு 20.9 சதவீதம், அதில் ராணிப் பிரச்சினை மட்டும் 5.1. அந்த ஒரு பிரிவைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே எண் 21லிருந்து 16க்கு இறங்கிவிடும். மார்ச்சில் ராணி இல்லாமல் ஒரு கைப்பிடித் தேனீ ஊர்ந்துகொண்டிருக்கும் பெட்டியை உயிருள்ளதாக எழுதுவதா, செத்ததாக எழுதுவதா? என்னைக் கேட்டால் செத்ததுதான். ஆனால் என்னைப் போல எல்லாரும் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அமெரிக்க ஆண்டு இழப்பையும் ஐரோப்பியக் குளிர்கால இழப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அங்கே 48, இங்கே 21 என்று வருகிற படங்களை நான் பார்ப்பதோடு சரி. பன்னிரண்டு மாதத்தையும் ஐந்தாறு மாதத்தையும் ஒப்பிடுவதில் என்ன இருக்கிறது?

சராசரி எடுக்கும் முறையிலும் ஒரு பிடி இருக்கிறது. ஒருவரிடம் 1000 பெட்டி, 200 போனது. பொழுதுபோக்காக வளர்க்கும் ஒன்பது பேரிடம் ஆளுக்கு 4 பெட்டி, ஆளுக்கு 2 போனது. எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்கிட்டால் 1036இல் 218, அதாவது 21 சதவீதம். ஒவ்வொருவரின் சதவீதத்தையும் எடுத்துச் சராசரி பார்த்தால் 47. முதலாவது, பெட்டிகளின் கதி. இரண்டாவது, வளர்ப்பவரின் கதி. பதில் சொல்பவர்களில் சிறு வளர்ப்பாளர்களே மிகப் பெரும்பான்மை, பெட்டிகளில் பெரும்பான்மை சில பெரிய தொழில்முறைக்காரர்களிடம். ஆகவே இந்த இடைவெளி ஏட்டளவில் நிற்பதல்ல. செய்தி எழுதுபவர் இரண்டில் எது பெரியதோ அதை எடுப்பார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், சொல்லாமல் விடுகிறேன்.

எண் இவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று பக்கத்தில் பிழை எல்லை போடுகிறார்களே, அதையும் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஒரே இடத்தில் இருக்கும் நாற்பது பெட்டிகள் நாற்பது தனித் தகவல்கள் அல்ல. ஒரே ஆள், ஒரே மருந்து, ஒரே மேய்ச்சல். போனால் கூட்டமாகப் போகும். இதைக் கவனிக்காமல் சாதாரணக் கணக்குப் போட்டால் எல்லை பொய்யாகக் குறுகிவிடும். முறையான அறிக்கைகள் இதற்கென்று எல்லையை அகட்டித்தான் போடுகின்றன. அகட்டியபின்னும் சரியாகாத குறை ஒன்று உண்டு: யார் பதில் சொல்கிறார்கள் என்பது. மொத்தப் பெட்டியும் போய் மனம் வெறுத்து விட்டுவிட்டவர் படிவம் நிரப்ப வரமாட்டார். அடிபட்ட வேகத்தில் குறை சொல்ல வருபவரும் உண்டு. ஒன்று எண்ணைக் குறைக்கும், மற்றது கூட்டும், எது எவ்வளவு என்பது வெளியிலிருந்து தெரியாது. இன்னொன்று, அனுபவசாலிகள் இலையுதிர் காலத்தில் மெலிந்த இரண்டு குடும்பங்களை ஒன்றாக இணைத்துவிடுவார்கள். செப்டம்பரில் இணைத்தால் அந்த மெலிந்த குடும்பம் குளிர்காலக் கணக்குக்குள் நுழைவதே இல்லை. நல்ல வளர்ப்புமுறை, கூடவே நல்ல சதவீதமும்.

இதையெல்லாம் தவிர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் 2014 வரை 17 நாடுகளில் ஆய்வாளர்களையே நேரில் அனுப்பிப் பெட்டி திறந்து பார்க்க வைத்தது. முதல் குளிர்காலத்தில் நாட்டுக்கு நாடு 3 சதவீதத்திலிருந்து 30ஐத் தாண்டியும் போனது. வடக்கே அதிகம், தெற்கே குறைவு. நான் அதிகம் நம்புவது இந்த மாதிரி எண்ணைத்தான். செலவு மிக அதிகம், இரண்டு ஆண்டோடு நின்றுவிட்டது. அமெரிக்க வேளாண் துறையின் புள்ளியியல் பிரிவு 2015 முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எத்தனை இருந்தது, எத்தனை போனது, எத்தனை சேர்த்தார்கள் என்று கேட்டு வெளியிடுகிறது. காலாண்டுக் கணக்கின் பலன், கோடையிலும் கணிசமாகப் போகிறது என்பது தெரியவந்தது. குளிரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது.

நிலைமை அப்படியானால் மோசமே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. அமெரிக்காவில் 1947இல் ஏறக்குறைய 59 லட்சம் குடும்பங்கள் இருந்தன. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் 25 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. அந்தச் சரிவின் பெரும்பகுதி நீங்கள் படிக்கும் செய்திகளுக்கெல்லாம் முந்தியது. வரோவா அங்கே கண்டுபிடிக்கப்பட்டதே 1987இல்தான். அதற்குப் பிறகும் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் 2000களின் பிற்பகுதிக்குப் பிறகு பெரிதாக விழவில்லை. உலக அளவில் 1961க்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் வளர்ப்புப் பெட்டிகள் ஏறக்குறைய 45 சதவீதம் கூடின. இன்னொரு பக்கம், நியூயார்க் மாநிலத்தின் ஆர்னோட் காட்டில் மரப்பொந்துகளில் தாமாக வாழும் குடும்பங்களை 1970களில் தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலி பின்தொடர்ந்தபோது, புதிதாகப் பிரிந்து குடியேறியவற்றில் நான்கில் மூன்று பங்கு முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. ஒரு முறை தாண்டி ஊன்றியவற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஆண்டுதோறும் பிழைத்தன. வரோவா வருவதற்கு முந்தைய கணக்கு இது. இயற்கையில் இழப்பு பூஜ்யமாக இருந்ததே இல்லை. ஆனால் 2024 ஜூன் முதல் 2025 பிப்ரவரி வரை அமெரிக்கத் தொழில்முறை வளர்ப்பாளர்கள் சராசரியாக 62 சதவீதம் இழந்ததாக ஓர் அவசரக் கணக்கெடுப்பு சொன்னது. இது பிரித்து ஈடுகட்டும் எல்லையைத் தாண்டிய எண். செத்த பெட்டிகளின் மாதிரியைச் சோதித்த வேளாண் துறை ஆய்வகம், வைரஸ் அளவு உயர்ந்திருப்பதையும், அமிட்ராஸ் என்ற உண்ணிக்கொல்லி மருந்து உண்ணிகளைக் கொல்லாத அளவுக்கு அவை எதிர்ப்புப் பெற்றிருப்பதையும் கண்டது. பொருந்துகிற விளக்கம்தான். செத்தபின் எடுத்த மாதிரியில் வைரஸ் இருப்பது, வைரஸ் கொன்றது என்பதற்கு முழுச் சான்றாகாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கணக்கெடுப்பிலேயே மிகப் பலவீனமான இடம், “எதனால் செத்தது?” என்ற கட்டம். சிறு வளர்ப்பாளர்கள் பலர் வானிலை, பட்டினி, மெலிந்த குடும்பம் என்று எழுதுகிறார்கள். தொழில்முறைக்காரர்கள் உண்ணி என்கிறார்கள். ஒரே சாவைத்தான் இருவரும் சொல்கிறார்கள் என்று நினைக்கப் பல நேரம் காரணம் இருக்கிறது. உங்களிடமோ உங்களுக்குத் தெரிந்தவரிடமோ செத்த பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். தேனீக்கள் தலையை அறைக்குள் நுழைத்தபடி செத்திருந்து, பெட்டியில் தேனே இல்லையென்றால் பட்டினி. அதே கோலத்தில் இருந்து, நாலு விரற்கடை தள்ளித் தேன் நிறைய இருந்தால், திரள் நகர முடியாத அளவுக்குச் சிறுத்திருந்தது. ஏன் சிறுத்தது என்பதே அடுத்த கேள்வி. தேன் நிறைய, தேனீ சொற்பம், காலியான புழு அறைகளின் மேற்கூரையில் வெள்ளைப் புள்ளிகள் என்றால் அது உண்ணியின் கழிவு. வானிலையைத் திட்ட வேண்டாம். அடை தாங்கும் மரச்சட்டங்களின் மேல் பழுப்புக் கோடுகள் வயிற்றுப்போக்கு. நொசீமாவா இல்லையா என்பதை நுண்ணோக்கி இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. பணித்தேனீ அறைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குவிந்த மூடி போட்ட ஆண் புழுக்கள் இருந்தால் ராணி போய் நாளாகியிருக்கும், அல்லது ராணியின் விந்து இருப்புத் தீர்ந்திருக்கும். உயிரோடிருக்கும் பெட்டிகளுக்கு, கோடை முடிவில் அரைக் கோப்பை அளவுத் தேனீயை, சுமார் 300 வரும், ராணி அதில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஆல்கஹாலில் குலுக்கி உதிரும் உண்ணியை எண்ணுங்கள். நூறு தேனீக்கு மூன்றைத் தொட்டால் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. நான் இரண்டிலேயே தொடங்கிவிடுவேன். செத்த பெட்டியைப் பார்த்து முடித்ததும் வாயிலை அடைத்துவிடுங்கள். முதல் வெயில் நாளில் பக்கத்துக் குடும்பங்கள் அந்தத் தேனைக் கொள்ளையடிக்க வரும், உள்ளே இருந்த நோயும் தேனோடு அவற்றின் பெட்டிக்குப் போகும்.